பள்ளி உளவியலாளர் படிப்புக்கு அமெரிக்காவில் நிதியுதவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பள்ளி உளவியலாளராகப் படிக்க நினைக்கும் தமிழர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கேட்பவர்களில் இங்கேயே வளர்ந்து கல்லூரி முடிக்கப்போகிறவர்கள் உண்டு. கிரீன் கார்டு கையில் இருக்கிறது, வேறு வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கும் நடுவயதினர் உண்டு. ஊரில் உளவியல் முடித்துவிட்டு மாணவர் விசாவில் வர நினைப்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் ஒரே பதில் பொருந்தாது. விசாவில் வருகிறவர்கள் மற்றதைப் படிக்கும் முன் குடியுரிமை பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடுவது நல்லது.

பள்ளி உளவியலாளர் என்றால் பள்ளி கவுன்சலர்தானே?

இல்லை. பாடத் தேர்வு, கல்லூரி விண்ணப்பம், நட்புச் சண்டை என்று எல்லா மாணவர்களையும் பொதுவாகப் பார்ப்பவர் கவுன்சலர். உளவியலாளரின் தனி வேலை மதிப்பீடு. மூன்றாம் வகுப்புப் பையன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடா, கவனம் நிற்காததா, வீட்டு மொழி வேறு என்பதாலா, இல்லை யாரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லையா? சோதனைகள் வைத்து, அவன் வகுப்பில் போய் உட்கார்ந்து கவனித்து, ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி இதற்கு விடை கண்டு அறிக்கை எழுத வேண்டியவர் உளவியலாளர். ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுகிற குழு இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசும். இதோடு கவுன்சலிங், தற்கொலை ஆபத்து மதிப்பீடு, பள்ளியில் ஏதாவது துயரம் நடந்தால் நெருக்கடிகால உதவி எல்லாமும் உண்டு.

இந்தப் பதவிப் பெயரோடு முதலில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர் ஆர்னால்ட் கெசல். 1915இல், கனெக்டிகட் மாநிலத்தில். ஆனால் தொழில் பெருகியது 1975க்குப் பிறகுதான். மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பொதுப் பள்ளியில் தகுந்த கல்வி தர வேண்டும் என்று அந்த ஆண்டு சட்டம் வந்தது. இன்று ஐ.டி.இ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வது அந்தச் சட்டத்தைத்தான். மதிப்பீடு கட்டாயமானதும் மதிப்பீடு செய்ய ஆள் வேண்டியிருந்தது. நிதியுதவிக் கதையும் இந்தச் சட்டத்தில்தான் தொடங்குகிறது.

எத்தனை வருடப் படிப்பு?

பெரும்பாலோர் எடுப்பது ஸ்பெஷலிஸ்ட் நிலைப் படிப்பு. எட்.எஸ். என்று பெயர் இருக்கலாம், வேறு பெயரும் இருக்கலாம். முழுநேரமாக மூன்று வருடம், குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட். மூன்றாம் வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப்: குறைந்தது 1,200 மணி நேரம், அதில் 600 மணியாவது பள்ளியில். நாஸ்ப் என்று அழைக்கப்படும் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் வகுத்த தரம் இது. முனைவர் பட்டம் என்றால் ஐந்து, ஆறு வருடம் ஆகிவிடும். இன்டர்ன்ஷிப்பும் 1,500 மணி.

பொதுப் பள்ளியில் வேலை பார்க்க முனைவர் பட்டம் தேவையில்லை. அதே சமயம், வெறும் முதுகலைப் பட்டம் பெரும்பாலான மாநிலங்களில் போதாது. இந்தியாவில் எம்.ஏ. உளவியல் முடித்தவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்: ஓரிரண்டு பாடங்களுக்கு விலக்கு கிடைக்கலாம், படிப்பே பாதியாகக் குறைந்துவிடாது.

காசு கொடுத்துப் படிக்கவைக்க அவர்களுக்கு என்ன தேவை?

ஆள் இல்லை, அதுதான். 500 மாணவர்களுக்கு ஓர் உளவியலாளர் என்பது நாஸ்ப் பரிந்துரை. நாட்டுச் சராசரி 1,000 மாணவர்களைத் தாண்டித்தான் நிற்கிறது. சில மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் மூன்று பள்ளிகளுக்குக் காரோட்டிக்கொண்டு அறிக்கை மேல் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தால், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நேரம் எங்கே? படிப்போ மூன்று வருடம், இன்டர்ன்ஷிப்புக்கு மேற்பார்வையாளர் வேண்டும், பல்கலைக்கழகங்களில் இடமும் கொஞ்சம்தான். சந்தை தானாக இந்தப் பற்றாக்குறையைச் சரிசெய்யாது என்பதால் அரசு பணம் போடுகிறது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? யாருக்கு விண்ணப்பம் போட வேண்டும்?

பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெரிய நிதியுதவிகள் மாணவருக்கு நேராக வருவதில்லை. கூட்டாட்சிக் கல்வித்துறை பல்கலைக்கழகத்துக்கு கிராண்ட் எனப்படும் மானியம் கொடுக்கும். அங்கே ஒரு பேராசிரியர் அதை நடத்துவார். தன் துறையில் சேருகிறவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து அவர் ஃபெலோஷிப் என்ற பெயரில் படிப்பு உதவித்தொகை தருவார். எனவே வாஷிங்டனுக்கு நீங்கள் அனுப்ப எந்தப் படிவமும் இல்லை. கிராண்ட் இருக்கிற துறையைத் தேடிப் பிடிப்பதில்தான் பாதி வேலை.

கிராண்ட்களில் இரண்டு வழிகள் முக்கியம். ஒன்று, சிறப்புக் கல்வித் திட்டங்களுக்கான அலுவலகம் தரும் பணியாளர் பயிற்சி கிராண்ட். ஐ.டி.இ.ஏ. சட்டத்தின் டி பகுதியில் வருவது, நெடுநாளாக இருப்பது, விதிகள் எழுத்தில் தெளிவாக உள்ளவை. இதில் உளவியல் மாணவர்களைச் சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப்பணியாளர் மாணவர்களோடு சேர்த்துப் பயிற்றுவிப்பது வழக்கம். இன்னொன்று, பள்ளி மனநலப் பணியாளர்களைப் பெருக்குவதற்கான கிராண்ட்கள். பல்கலைக்கழகமும் பக்கத்துப் பள்ளி மாவட்டங்களும் (ஒரு வட்டாரத்தின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) கைகோத்து வாங்குபவை இவை.

மற்றபடி பல்கலைக்கழகமே தரும் உதவியாளர் வேலை, அமெரிக்க உளவியல் கழகம் 1974 முதல் நடத்தும் சிறுபான்மையினர் ஃபெலோஷிப், மாநிலத் திட்டங்கள், சங்கங்களின் சிறு உதவித்தொகைகள் இருக்கின்றன. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புகழ்பெற்ற ஆய்வு ஃபெலோஷிப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். தொழில்முறைப் படிப்புகளுக்கு அது கிடையாது. ஸ்பெஷலிஸ்ட் மாணவர்கள் அதை மறந்துவிடலாம்.

ஃபெலோஷிப்பில் என்னென்ன வரும்?

இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் கல்விக் கட்டணம் முழுக்க வரும், மாதாமாதம் ஸ்டைபண்ட் எனப்படும் செலவுத்தொகையும் வரும். இன்னோரிடத்தில் கட்டணத்தில் பாதி மட்டும். சில இடங்களில் மருத்துவக் காப்பீடு, புத்தகம், நாஸ்ப் மாநாட்டுப் பயணம்கூட உண்டு. "முழு நிதி" என்று விளம்பரத்தில் இருந்தால் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கட்டணத்தில் எவ்வளவு, ஸ்டைபண்ட் எத்தனை மாதம், கட்டாயக் கட்டணங்கள் யார் தலையில்? பல்கலைக்கழகம் கல்விக் கட்டணத்தை முழுசாகத் தள்ளுபடி செய்துவிட்டு, தொழில்நுட்பக் கட்டணம், உடல்நலக் கட்டணம் என்று வேறு பெயர்களில் ஒரு கணிசமான தொகையைக் கேட்பது சாதாரணம்.

ஒன்று சொல்ல வேண்டும்: மூன்றாம் வருட இன்டர்ன்ஷிப்புக்குப் பெரும்பாலும் பள்ளி மாவட்டம்தான் சம்பளம் கொடுக்கும், கொடுத்தால். அதனால் பல கிராண்ட்கள் முதல் இரண்டு வருடத்தோடு நின்றுவிடும். அது குறை இல்லை. ஒருவிதத்தில் உங்களுக்கு நல்லதும்கூட. காரணம் அடுத்த பதிலில்.

பணிக்கடமை என்கிறார்களே, அது என்ன?

இதைப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டைபண்ட் எவ்வளவு என்று கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால் பணிக்கடமை எவ்வளவு என்று கேட்பவர் ஒருவர்தான். என்னைக் கேட்டால் கேள்வியின் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

சிறப்புக் கல்வி அலுவலகத்தின் கிராண்டில் விதி இப்படி: ஒரு கல்வியாண்டு நிதி வாங்கினால் இரண்டு ஆண்டு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு வருடம் நிதி, மூன்றாம் வருடம் மாவட்டச் சம்பளத்தில் இன்டர்ன்ஷிப் என்றால் கடமை நான்கு ஆண்டு. மூன்று வருடமும் கிராண்டில் இருந்தால் ஆறு ஆண்டு. முனைவர் படிப்பில் நான்கு வருடம் வாங்கினால் எட்டு ஆண்டு! வருடத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் நிதி வாங்கியிருந்தால் கடமையும் அந்த அளவுக்குக் குறையும்.

முடிக்கவும் காலக்கெடு இருக்கிறது: கடமை ஆண்டுகளோடு இன்னும் ஐந்து ஆண்டு. நான்கு ஆண்டுக் கடமை உள்ளவர் படிப்பு முடிந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும். குழந்தை பிறந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தாலும், கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறி ஊர் மாறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். பகுதிநேர வேலையும் அதன் விகிதத்தில் கணக்கில் சேரும். படித்த மாநிலத்திலேயே வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த கிராண்டில் இல்லை. மாநில அரசு தரும் உதவியில் அந்தக் கட்டாயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்டர்ன்ஷிப் வருடத்தைக் கடமைக் கணக்கில் கழித்துவிடலாம் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது படிப்பின் ஒரு பகுதி.

மனநலப் பணியாளர் கிராண்ட்களின் நிபந்தனைகள் வேறு. கூட்டாளியாக உள்ள மாவட்டத்திலேயே சில ஆண்டு வேலை என்று அவற்றில் இருக்கும். கிராண்டுக்கு கிராண்ட் மாறும் என்பதால் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

எந்தப் பள்ளி வேலையும் கடமைக் கணக்கில் சேருமா?

சேராது. நீங்கள் சேவை செய்யும் குழந்தைகளில் குறைந்தது 51 சதவீதம் பேர் உங்களிடமிருந்து சிறப்புக் கல்வியோ அது சார்ந்த சேவையோ பெறுகிறவர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் நேரத்தில் 51 சதவீதமாவது மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கான சேவையில் போக வேண்டும். இரண்டில் ஒன்று போதும்.

சாதாரணப் பள்ளி மாவட்டத்தில் உளவியலாளர் வேலை என்றால் இது பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை. ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டால் மறுமதிப்பீடு, ஐ.இ.பி. கூட்டம், ஆட்டிசம் உள்ள மாணவருக்கான நடத்தைத் திட்டம் என்றே பெரும்பகுதி ஓடிவிடும். சிக்கல் எங்கே வரும் என்றால், பொது மாணவர்களுக்கான மனநலத் திட்டத்துக்கென்றே நியமிக்கப்படும்போது. சமூக உணர்வு வகுப்புகள், பதற்றம் உள்ள மாணவர்களுக்கான குழுக்கள் என்று அருமையான வேலையாக இருக்கலாம். ஆனால் அந்த மாணவர்களில் பலருக்கு ஐ.இ.பி. இருக்காது. அப்படிப்பட்ட வேலைக்குச் சம்மதிக்கும் முன் கிராண்ட் நடத்தும் பேராசிரியரிடம் பணிவிவரத்தை அனுப்பி, இது சேருமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். முதல்முறை மதிப்பீடுகளை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் கூடவே கேளுங்கள். வாய்வார்த்தைக்கு ஐந்து வருடம் கழித்து மதிப்பு இருக்காது.

பாதியில் விட்டுவிட்டால்?

திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு. வசூல் செலவும் உங்கள் தலையில் விழும். படிப்பை முடிக்காமல் போனாலும் சரி, முடித்துவிட்டு வேறு துறைக்குப் போனாலும் சரி. பகுதி முடித்திருந்தால் மீதிக்கு மட்டும். நிரந்தரமாக வேலை செய்ய முடியாத உடல்நிலை ஏற்பட்டால் விலக்கு உண்டு. முழுநேர மேற்படிப்பு, ராணுவப் பணி போன்றவற்றுக்குத் தள்ளிவைக்க அனுமதி உண்டு. "வேலை பிடிக்கவில்லை" என்பது காரணங்களில் இல்லை.

அதனால்தான் இந்த வேலையை அருகில் இருந்து பார்க்காதவர்கள் ஃபெலோஷிப்புக்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல்வேன். ஓர் உளவியலாளரின் பின்னால் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பாருங்கள். மாணவர்களைப் பற்றிய ரகசியம் காக்க வேண்டும் என்பதால் சில கூட்டங்களுக்கு உள்ளே விடமாட்டார்கள். இருந்தாலும் எவ்வளவு நேரம் குழந்தைகளோடு, எவ்வளவு நேரம் கணினித் திரையோடு என்பது கண்ணில் பட்டுவிடும்.

நான் அமெரிக்கக் குடிமகன் இல்லை. எனக்குக் கிடைக்குமா?

கிரீன் கார்டு இருந்தால் தடை இல்லை. குடிமக்களுக்கு என்னவோ அதேதான் உங்களுக்கும்.

எஃப்-1 மாணவர் விசா என்றால் சிறப்புக் கல்வி அலுவலகத்தின் ஃபெலோஷிப் கிடைக்காது. அமெரிக்க உளவியல் கழகத்தின் சிறுபான்மையினர் ஃபெலோஷிப்பும், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஃபெலோஷிப்பும் அப்படித்தான். கசப்பான பதில், ஆனால் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது மேல்.

எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்பவர்கள் நிலைதான் குழப்பமானது. தற்காலிகமாக அல்லாமல், நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இருப்பவர் என்று குடிவரவுத் துறையிடமிருந்து சான்று காட்ட முடிந்தால் போதும் என்று சிறப்புக் கல்வி அலுவலகத்தின் விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் காகிதங்கள் அதற்குப் போதுமா என்பதை வாட்ஸ்அப் குழு தீர்மானிக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் கிராண்ட் அலுவலகத்தைக் கேளுங்கள். குழுவில் வரும் "என் சகோதரிக்குக் கிடைத்தது" என்ற பதிலை நம்பி வீடு மாறாதீர்கள்.

அப்படியென்றால் விசாவில் வருகிறவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, முனைவர் படிப்பில் அதிகமாக. ஆராய்ச்சி உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் வேலைகளுக்குப் பல்கலைக்கழகமே பணம் தரும், குடியுரிமை பார்க்காது. வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய எஃப்-1 அனுமதிக்கிறது. உதவியாளர் வேலைகளும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஸ்பெஷலிஸ்ட் மாணவர்களுக்கு இவை குறைவு. கிடைத்தாலும் உளவியல் துறையில் கிடைக்க வேண்டும் என்பதில்லை. மாணவர் விடுதி, எழுத்துப் பயிற்சி மையம், மாற்றுத்திறனாளி மாணவர் அலுவலகம் என்று வேறு துறைகளிலும் தேட வேண்டும். வேலை அனுமதி இல்லாத எச்-4 ஆட்கள் இந்த உதவியாளர் வேலையைச் செய்ய முடியாது என்பதையும் கவனியுங்கள்.

இன்டர்ன்ஷிப்புக்கு சி.பி.டி., அதாவது படிப்பின் பகுதியாக வெளியே வேலை செய்யும் அனுமதி, வாங்க வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதி வாய்ப்பே போய்விடும். பள்ளி ஆண்டு சுமார் பத்து மாதம் என்பதால் சாதாரணமாகத் தப்பிவிடலாம். ஆனால் கோடைகாலப் பயிற்சியையும் முழுநேர சி.பி.டி.யில் சேர்த்தவர்கள் தேதிகளைக் கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் எச்-1பி. எண்ணிக்கை வரம்பிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு உள்ள விலக்கு பொதுவாகப் பள்ளி மாவட்டங்களுக்கு இல்லை. ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்குள் குலுக்கலில் நிற்க வேண்டும். ஸ்பான்சர் செய்யவே மாட்டோம் என்கிற மாவட்டங்களும் நிறைய. இதையெல்லாம் மீறி வருபவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கி வருவதாக இருந்தால் மட்டும் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

2025இல் கிராண்ட்களை நிறுத்திவிட்டார்களாமே?

உண்மைதான். 2022இல் வந்த இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்டம் பள்ளி மனநலத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. டெக்சஸ் மாநிலத்தின் யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்த சட்டம் அது. ஐந்து வருடத்துக்கு என்று நம்பிப் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்த்தன. 2025 ஏப்ரல் கடைசியில், ஏறக்குறைய அந்த அளவு நிதியைத் தொடரப்போவதில்லை என்று கல்வித்துறை கடிதம் அனுப்பியது. ஜூலையில் 16 மாநிலங்கள் வாஷிங்டன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. கல்வித்துறை அதே ஆண்டு புதிய முன்னுரிமைகளை அறிவித்தது. அதில் கவுன்சலர், சமூகப்பணியாளர் பெயர்கள் போய்ப் பள்ளி உளவியலாளர் மட்டும் நின்றார். நம் தொழிலுக்கு லாபம் என்று சிலர் மகிழ்ந்தார்கள். ஒரு பள்ளியில் இந்த மூவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள் என்பதால் எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஐந்து வருட கிராண்ட் என்றாலும் பணம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுத்தான் வருகிறது. இரண்டாம் ஆண்டில் நின்றால் உங்கள் மாற்றுத் திட்டம் என்ன, துறையின் மாற்றுத் திட்டம் என்ன? நேர்காணலில் இதைத் தயங்காமல் கேட்கலாம். 2025க்குப் பிறகு எந்தப் பேராசிரியரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

கிராண்ட் உள்ள துறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாஸ்ப் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு துறையின் நிதி பற்றிய பக்கத்துக்குப் போங்கள். சிறப்புக் கல்வி அலுவலகமும் தான் கொடுத்த கிராண்ட்களைத் தேடிப் பார்க்கும் வசதியை வைத்திருக்கிறது.

துறைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு கிராண்ட் எண் இருக்கும். அதை அலட்சியப்படுத்தாதீர்கள். எச்325கே என்று தொடங்கினால் அது பணிக்கடமை உள்ள சிறப்புக் கல்விப் பயிற்சி கிராண்ட். அதை அடுத்து வரும் இரண்டு இலக்கம் கிராண்ட் கிடைத்த நிதியாண்டு. 22 என்று இருந்தால் 2022. ஐந்து வருடத் திட்டம் என்றால் 2027இல் முடிந்துவிடும். 2026இல் சேருகிறவருக்கு அதில் மிஞ்சுவது ஒரு வருடம்தான்! எஸ்184எக்ஸ் என்று தொடங்கினால் மனநலப் பணியாளர் பயிற்சி கிராண்ட். முன் கேள்வியில் சொன்ன நிதியைச் சேர்ந்தது. இணையப் பக்கத்தில் சிரிக்கும் மாணவர்களின் படம் கிராண்ட் முடிந்த பிறகும் பல நாள் அப்படியே கிடக்கும். எண் அப்படி ஏமாற்றாது.

விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

முதலில் படிப்பில் இடம், அப்புறம்தான் ஃபெலோஷிப். முனைவர் படிப்புகளுக்கு டிசம்பர் வாக்கில் கெடு முடிந்துவிடும். ஸ்பெஷலிஸ்டுக்குக் கொஞ்சம் தாமதமாக. ஃபெலோஷிப்புக்குத் தனிக் கட்டுரை கேட்டால், அந்த கிராண்ட் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று படித்துவிட்டு எழுதுங்கள். கிராமப்புறப் பள்ளிகளுக்காக என்றால் ஏன் கிராமப்புறம், தீவிர மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்காக என்றால் அவர்களோடு உங்களுக்கு என்ன பழக்கம் என்று சொல்ல வேண்டும். "சின்ன வயதிலிருந்தே குழந்தைகள் என்றால் உயிர்" என்று தொடங்கும் கட்டுரைகள் அவர்களிடம் ஏற்கெனவே குவிந்து கிடக்கும். சிறப்பு வகுப்பில் உதவியாளராக ஒரு வருடம் இருந்தேன், ஒரு மாணவன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் அவனை எப்படி வெளியே வரவைத்தோம் என்று எழுதுகிறவரைத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடத் தோன்றும்.

நேர்காணலில் நிச்சயம் வரும் கேள்வி: ஏன் மருத்துவமனை இல்லை, ஏன் பள்ளி? இதற்குச் சொந்தப் பதில் இல்லாவிட்டால் பணிக்கடமை ஆண்டுகளும் கஷ்டமாகத்தான் போகும்.

தமிழ் தெரிவது உதவுமா?

ஓரளவு. மதிப்பீட்டைக் குழந்தையின் தாய்மொழியில் நடத்த வேண்டும், அது சாத்தியமே இல்லை என்றால் ஒழிய என்பது ஐ.டி.இ.ஏ. விதி. இருமொழி உளவியலாளர்களுக்குத் தேவை நிறைய; ஆனால் அந்தத் தேவையில் பெரும்பகுதி ஸ்பானிஷுக்குத்தான். தமிழில் மட்டும் வேலை கிடைத்துவிடாது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் குழந்தையின் பேச்சுத் தாமதத்தைக் குறைபாடு என்று முத்திரை குத்திவிடக் கூடாது என்பதை அனுபவத்தில் அறிந்தவர் நீங்கள் என்றால், கட்டுரையில் அதற்கு நல்ல இடம் உண்டு.

ஸ்டைபண்டுக்கு வரி உண்டா?

கல்விக் கட்டணத்துக்கும், கட்டாயமான புத்தகங்களுக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகும் ஸ்டைபண்டுக்கு உண்டு. உதவியாளர் வேலைச் சம்பளத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு தருவார்கள். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் வரும் ஃபெலோஷிப் ஸ்டைபண்டில் பொதுவாகப் பிடிக்கமாட்டார்கள். முழுத் தொகையும் கையில் வந்துவிட்டதே என்று செலவழித்துவிட்டால் ஏப்ரலில் வரி கட்டும்போது திண்டாட்டம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உத்தேசமாகக் கணக்கிட்ட வரியை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். எஃப்-1இல் உள்ளவருக்கு வரிக்குரிய உதவித்தொகையில் 14 சதவீதம் பிடிப்பது வழக்கம். இந்திய மாணவர்களுக்கு இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி நிலையான கழிவு கிடைக்கும். பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது இல்லை. விட்டுவிடாதீர்கள்.

கடமையெல்லாம் வேண்டாம், கடன் வாங்கிப் படித்தால் என்ன?

படிக்கலாம். ஆனால் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் கிடைக்கும் கூட்டாட்சிக் கடனிலும் விதி மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் கிடையாது. ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்பதே வரம்பு. மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்குத்தான் அதைவிட அதிகம். கட்டணம் அதிகமான தனியார் பல்கலைக்கழகத்தில் இது போதாது.

பொதுப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடி உண்டு: தகுதியுள்ள 120 மாதத் தவணை கட்டினால் மீதி தள்ளுபடி. பத்து வருடம். பொதுப் பள்ளியில்தான் இருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு நான்கு வருடப் பணிக்கடமை இதைவிட மலிவு. உறுதி இல்லாதவருக்குக் கடன்தான் சுதந்திரம். வேலையை விட்டாலும் அதே கடன்தான், ஒரே நாளில் தலையில் விழாது.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாமா? எனக்கு 42 வயது.

வயது தடையே இல்லை. ஆசிரியராக இருந்து மாறுகிறவர்களை வரவேற்கிற துறைகள் நிறைய. பகுதிநேரப் படிப்புகளும் பெரும்பகுதி இணையவழியில் நடப்பவையும் இருக்கின்றன. ஆனால் பிராக்டிகம் எனப்படும் களப்பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும் பகலில், பள்ளியில்தான். கடைசி வருடம் வேறு வேலையை விட்டே ஆக வேண்டியிருக்கும். ஃபெலோஷிப்கள் பெரும்பாலும் முழுநேர மாணவர்களைத்தான் கேட்கும்.

கடிதம் வந்துவிட்டது. உடனே சரி சொல்ல வேண்டுமா?

பட்டமேற்படிப்புப் பள்ளிகள் கூட்டமைப்பின் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. அவகாசம் இருக்கிறது. பணிக்கடமை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "சேர்ந்த பிறகு தருகிறோம்" என்றால் விடாதீர்கள். இப்போது அந்த ஃபெலோஷிப்பில் உள்ள ஒரு மாணவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ஸ்டைபண்ட் நேரத்துக்கு வருகிறதா, வாரம் எத்தனை மணி கூடுதல் வேலை வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்தான் சொல்வார்.

கையெழுத்துப் போட்ட பிறகு கவனிக்க வேண்டியது என்ன?

ஒப்பந்தம், ஒவ்வொரு வருடமும் வாங்கிய தொகை, படிப்பு முடிந்ததும் தரும் கடமைக் கணக்கு ஆகியவற்றின் நகலைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் விட்டுவைக்காமல் சொந்த இடத்தில் சேமியுங்கள். படிப்பு முடிந்ததும் அந்த மின்னஞ்சல் மூடப்பட்டுவிடலாம். சிறப்புக் கல்வி கிராண்ட் என்றால் உங்கள் வேலை விவரத்தை இணையத் தரவு அமைப்பில் நீங்கள் பதிய வேண்டும், உங்கள் மாவட்டம் அதை உறுதிசெய்ய வேண்டும். மனிதவளப் பிரிவில் அந்த மின்னஞ்சலைத் திறக்கிறவருக்கு இது என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். முன்கூட்டியே சொல்லிவைத்து, பதிந்துவிட்டாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும், திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறினாலும் அதே அமைப்பில் அன்றைக்கே திருத்திவிடுங்கள்.